முதல் சூடு அக்காவுக்கு

எங்கள் மில்லுக்காரர்கள் குடியிருந்த லைனில் குதிகால் வலிக்காத பெண்பிள்ளை ஒரே ஒருத்தர்தான் இருந்தார். மற்ற எல்லோரும் அவர் காலைப் பார்த்துப் பொறாமைப்பட்டோம். எனக்கு இருந்த பொறாமை கொஞ்சநஞ்சமல்ல. கோயிலில் கும்பிட்டு நின்றால்கூட, எனக்கும் அப்படி ஒரு கால் கொடு என்றுதான் கேட்பேன். நல்லவேளை, சாமி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அவர் பேரைச் சொல்லப் போவதில்லை. பேரன் பேத்திகள் இன்னும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறார்கள். நேரில் அக்கா என்போம், முதுகுக்குப் பின்னால் செங்கல் அக்கா என்போம். அதில் கேலி கொஞ்சம், மரியாதை நிறைய.

கோயமுத்தூரைச் சுற்றி வரிசையாக மில்லுகள் எழும்பிய காலம் அது. வெள்ளகோவில் பக்கத்தில் கிணறு வற்றிப்போய் அக்கா குடும்பம் லைனுக்கு வந்தது. நான் சூலூர்க்காரி. எங்கள் யாருடைய காலும் அதுவரை மண்ணைத் தவிர வேறொன்றையும் மிதித்ததில்லை. மில்லுக்குள்ளே சிமிட்டித் தரை. எங்களுக்கு ரீலிங் பிரிவில் வேலை. மில் சங்கு ஊதியதிலிருந்து மறு சங்கு வரை மிஷின் முன்னால் நின்று நூலைச் சிட்டமாகச் சுற்ற வேண்டும். உட்கார ஒரு முக்காலி கிடையாது. வெறுங்காலோடு நின்றோம். ஆறே மாதத்தில் ஒவ்வொருத்திக்கும் குதிகால் பிடித்துக்கொண்டது.

அந்த வலி வந்தவர்களுக்குத்தான் அதன் குசும்பு தெரியும். ராத்திரி முழுக்க ஒன்றும் இருக்காது. காலையில் எழுந்து முதல் அடி வைத்தால் குதிக்குள் ஆணி இறங்கும். சுவரைப் பிடித்துக்கொண்டு இருபது அடி நடந்தால் தானாக இளகும். போய்விட்டது என்று சந்தோஷப்படுவோம். சோற்று நேரத்தில் சற்று உட்கார்ந்துவிட்டு எழுந்தால் மறுபடியும் அதே ஆணி. வீக்கம் இல்லை, காயம் இல்லை, யாரிடமும் காட்டி நம்ப வைக்கவும் முடியாது.

மில் வாசலில் மேஸ்திரி நிற்பார். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவர் கண் எங்கள் முகத்தில் இருக்காது, காலில்தான் இருக்கும். நொண்டிக்கொண்டு வருகிறவளுக்கு ரீலில் இடமில்லை, அவ்வளவுதான். வெளியே வேப்பமரத்தடியில் வேலை கேட்டு இருபது பேர் எப்போதும் காத்திருப்பார்கள். என் வீட்டுக்காரருக்கு அப்போது இருமல் நோய். எங்கள் வீட்டில் சம்பாதிக்கிற கால் என்னுடைய இரண்டும்தான். அதனால் முதல் சங்குக்கு முன்னால் எப்படியாவது அந்தக் காலை நேராக ஊன்ற வைத்தாக வேண்டும்.

அதற்குத்தான் அக்கா. விடிந்தும் விடியாமலும் அவர் வீட்டு வாசலில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருப்போம். அடுப்புத் தணலில் ஒரு செங்கல்லைக் காய வைத்திருப்பார். அதை இடுக்கியால் எடுத்து வாசலில் போட்டு, குளத்து மேட்டிலிருந்து பறித்து வந்த எருக்கிலையை இரண்டு மூன்றாக அடுக்குவார். பழுத்த இலைதான் ஆகும் என்பார். அதன்மேல் குதியை அழுத்தி ஏழு எண்ணுவது, எடுத்துப் பிறகு மறுபடி வைப்பது. படுக்கையை விட்டு எழுவதற்கு முன்னால் சேலைத் தலைப்பைக் கால் விரலில் மாட்டி நம் பக்கமாக இழுக்கவும் அவர்தான் சொன்னார். அதனால் கெண்டைக்கால் நரம்பு இளகி, முதல் அடி கொஞ்சம் கருணை காட்டும். எனக்கு இரண்டிலும் குணம் தெரிந்தது. அதைப் பொய் சொல்ல முடியாது.

ஒரு வழக்கம் மட்டும் அவர் மாற்றியதே இல்லை. கல்லில் முதலில் அவர் வலது காலைத்தான் வைப்பார். ஏழு எண்ணிவிட்டு, “பதம், வைங்க அம்மணி” என்பார். அவர் காலுக்குப் பதமாக இல்லாத கல்லை யாருக்கும் கொடுத்ததில்லை.

எதிலும் அவர் அப்படித்தான். ஒரு மழைக்குப் புற்றோரத்தில் காளான் முளைத்திருந்தது. நல்லதா விஷமா என்று லைனில் ஒரே வாக்குவாதம். அக்கா பறித்துக் குழம்பு வைத்து, முதலில் தான் ஒரு கரண்டி சாப்பிட்டார். அவர் பிள்ளைகள் வட்டிலை வைத்துக்கொண்டு குழம்பு வாசனையைப் பிடித்தபடி காத்திருந்தன. ஒரு பொழுது போகட்டும் என்று அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். பிள்ளைகள் பசியில் அழுதன. அவர் அசையவில்லை. தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்த பிறகுதான் பரிமாறினார். இதைச் சொல்லிச் சொல்லி நாங்கள் சிரித்திருக்கிறோம். இப்போது நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருவதில்லை. அந்தப் பிள்ளைகள் அம்மா சாகிறாளா என்று பார்த்துக்கொண்டல்லவா உட்கார்ந்திருந்தன.

பிளேக் பயம் வந்தபோது ஊசி போடுகிறவர்கள் லைனுக்கு வந்தார்கள். ஊசி போட்டால் காய்ச்சல் வந்து செத்துப்போவோம் என்று பாதிப் பேர் சோளக்காட்டுக்குள் ஒளிந்துகொண்டோம். நானும் ஒளிந்தேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன். அக்கா போய் முதல் ஆளாகக் கையை நீட்டினார். பிறகு லைன் நடுவில் பாயை விரித்து எல்லோருக்கும் தெரிகிற மாதிரி உட்கார்ந்தார்.

“பொழுது விழுகற வரைக்கும் என்னையப் பாருங்க. நான் செத்துப்போட்டா நீங்க யாரும் போட்டுக்க வேண்டாம்” என்றார்.

சாயங்காலம் அவருக்கு லேசாகக் காய்ச்சல் வந்தது, மறுநாள் போய்விட்டது. அதற்கப்புறம் எல்லோரும் போட்டுக்கொண்டோம். அக்கா தன் உடம்பில் சோதித்துப் பார்த்துவிட்டார் என்றால் எங்களுக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

குதிகால் விஷயத்தில் அந்தச் சாட்சி இன்னும் பலம். ஏனென்றால் லைனிலேயே மோசமான குதிகால் ஒரு காலத்தில் அவருடையதுதான். பாயிலிருந்து அடுப்படிவரை முட்டி போட்டு ஊர்ந்து போவார் என்று அவர் வீட்டுக்காரரே சொல்லியிருக்கிறார். விடாமல் செங்கல் வைத்தார். ஒரு தை மாதத்தில் வலி குறைய ஆரம்பித்து, ஒரு வருஷத்துக்குள் மாயமாகப் போய்விட்டது. அதன்பின் மூன்று வருஷமாக ஒரு முணுக்கென்ற வலிகூடக் கிடையாது. மத்தியானச் சோற்றுக்குக்கூட உட்காராமல் நின்றபடியே சாப்பிடுவார். மேஸ்திரி அவரைக் காட்டித்தான் எங்களைத் திட்டுவார். வயது நாற்பதைத் தாண்டியவர் எப்படி நிற்கிறார், உங்களுக்கென்ன கேடு என்பார். நாங்களும் தலையைக் குனிந்துகொள்வோம்.

அந்த வருஷம் ஐப்பசியிலிருந்து கல் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடு கூடியது.

முதலில் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. மழைக்காலத்துக்கு இதமாக இருக்கிறது என்றுகூட ஒருத்தி சொன்னாள். பிறகு ஏழு எண்ணுவதற்குள் கண்ணில் தண்ணீர் வந்தது. காலை இடையில் எடுத்தால் வாதம் மேலே ஏறிவிடும் என்று எங்களுக்குள் ஒரு பேச்சு. யார் கிளப்பியது என்று தெரியாது, அக்கா சொன்னதில்லை. அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு வைத்திருப்போம். அவர் எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். எங்களுக்கு நல்லது செய்கிறவர் முன்னால் முகம் சுளித்தால் மனசு நோகும் என்று சிரித்துக்கொண்டே இருப்போம். “எப்படி இருக்குது” என்று கேட்டால், “நல்லா இருக்குதுங்க அக்கா” என்போம். எங்கள் ஊர்ப் பழக்கம் அது. விருந்துக்குப் போன வீட்டில் வாய் வெந்தாலும் காப்பி நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வோம்.

ஒருத்திக்குக் குதியில் கொப்புளம் வந்தது. கெட்ட நீர் வெளியே வருகிறது என்று அவளே சொல்லிக்கொண்டாள். எனக்கும் தோல் உரிந்தது. அக்காவே வைத்துக்கொள்கிறாரே, நமக்கென்ன வந்தது என்று நானும் பேசாமல் இருந்தேன்.

அப்போது இன்னொன்றும் பார்த்தேன். லைனுக்குப் பின்னால் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தட்டி மறைப்பு உண்டு, குளிக்கவும் ஒதுங்கவும். அக்கா வீட்டு மறைப்பில் மட்டும் எறும்பு. வரிசை வரிசையாக, எந்நேரமும். “உங்க ஊட்டுல சக்கரை மூட்டை ஒளிச்சு வெச்சிருக்கறீங்களா” என்று கேலி செய்தேன். அவரும் சிரித்தார். அந்தக் கேலியை நினைத்தால் என் நாக்கை அறுத்துப் போடலாம் போல இருக்கிறது.

கார்த்திகை பிறந்து ஒரு காலை. மற்றவர்கள் முடித்துக்கொண்டு போய்விட்டார்கள். நான்தான் கடைசி. அக்கா கல்லைத் திரும்பத் தணலில் வைத்து எடுத்தார். இலையை அடுக்கினார். இலை ஓரம் சுருண்டு பழுப்பானது, புகைந்தது. அவர் வலது காலை அதன்மேல் வைத்து அழுத்தினார். ஒன்று, இரண்டு என்று எண்ணினார். என் வீட்டுக்காரருடைய இருமல் எப்படி இருக்கிறது என்று நடுவில் விசாரித்தார்.

அப்போது ஒரு வாசனை வந்தது. எருக்கிலை கருகும் வாசனை எனக்குத் தெரியும். இது அதில்லை.

ஏழு எண்ணி முடித்துக் காலை எடுத்தார். “பதமாத்தான் இருக்குது, வை கண்ணு” என்றார். அவர் குதியிலிருந்து வெள்ளையாக ஒரு தோல் இலையோடு ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் பார்த்தேன். பார்த்தும் சொல்லவில்லை. காலைக் கல்லில் படாமல் விரலளவு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏழு எண்ணினேன். “நல்லா இருக்குதுங்க அக்கா” என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். ஏன் என்று என்னையே எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். பயம்தான். மேஸ்திரியிடம் சொல்லி எனக்கு ரீலில் வேலை வாங்கிக் கொடுத்தவர் அவர். எங்கள் கால்களெல்லாம் அவர் கால் ஒன்றை நம்பித்தான் நின்றன. அந்தக் கால் கெட்டுவிட்டது என்று சொல்கிற முதல் வாய் என்னுடையதாக இருக்க எனக்குத் தைரியமில்லை. வேறு யாராவது பார்த்துச் சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன்.

எட்டு நாள் போயிற்று. அக்கா ஒரு நாளும் வேலைக்கு வராமல் இருக்கவில்லை. மஞ்சள் துணி ஒன்றைக் குதியில் சுற்றியிருந்தார். செருப்பில்லாமல் முள் குத்தியிருக்கும் என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள். நான் அவர் பக்கம் பார்ப்பதையே குறைத்துக்கொண்டேன்.

ஒன்பதாம் நாள் மத்தியானம், சோற்று நேரம் முடிந்து மிஷின் ஓட ஆரம்பித்திருந்தது. தரையில் ஈரமாக ஏதோ தெரிந்தது. எண்ணெய் கொட்டியிருக்கிறார்களா என்று குனிந்து பார்த்தேன். குதிகால் தடம். ஒரு காலுடையது மட்டும். ரீல் வரிசைக்கு நடுவே அடி அடியாகப் போயிருந்தது. பின்னால் இருந்த தடங்கள் காய்ந்து கறுத்திருந்தன, முன்னால் இருந்தவை இன்னும் சிவப்பாக இருந்தன. அதைப் பிடித்துக்கொண்டே என் கண் போயிற்று. கடைசியில் அக்கா நின்றார். நேராக, இரண்டு காலையும் நன்றாக ஊன்றி, அறுந்த நூலுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்தவளிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டும் இருந்தார்.

மேஸ்திரியும் பார்த்துவிட்டார். அவர் அதட்டவில்லை. பக்கத்தில் வந்து, தணிந்த குரலில், “ஏனுங்கம்மா, கீழ பாருங்க” என்றார்.

அக்கா குனிந்து பார்த்தார். தரை முழுக்கப் பார்த்தார்.

“அய்யோ பாவம், இது யாரு காலுங்க?” என்று கேட்டார்.

ரீலிங்கில் அத்தனை மிஷின் சத்தத்திலும் அது எனக்குக் கேட்டது. இன்றைக்கும் கேட்கிறது.

அவரை ஜட்காவில் ஏற்றிப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகிற வேலை எனக்கு வந்தது. அவர் வீட்டுக்காரர் பஞ்சு உடைக்கிற பக்கம் வேலையில் இருந்தார், சொல்லியனுப்பியிருந்தோம். உக்கடம் குளத்தோரம் வண்டி போகும்போது அக்காவின் கால் என் மடியில் இருந்தது. துணியை அவிழ்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. உள்ளிருந்து நாற்றம் வந்தது. அதற்கு மேலும் வாயை மூடிக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. அந்தக் காலையில் நான் பார்த்ததைச் சொன்னேன்.

“உங்க காலுக்குச் சூடு தெரியலீங்க அக்கா” என்றேன்.

அவர் குளத்தைப் பார்த்துக்கொண்டு, “அது எனக்கே தெரியும் கண்ணு” என்றார்.

எத்தனை நாளாக என்று கேட்டேன். நோவு போன கொஞ்ச நாளிலேயே கால் மரக்க ஆரம்பித்துவிட்டது, இந்த ஐப்பசியில் சூடும் சுத்தமாகத் தெரியாமல் போய்விட்டது என்றார். வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லையாம்.

“முட்டி போட்டு ஊர்ந்தவ நான். நோவு போச்சுன்னு குலசாமிக்குப் பொங்கல் வெச்சேன். மரத்துப்போச்சுன்னு போயி யாருகிட்ட அழுவேன்? நிக்க முடிஞ்சுது, நின்னுபோட்டேன்.”

“அப்பறம் கல்லுக்குப் பதம் எப்படிங்க பாத்தீங்க?”

“உங்க மூஞ்சியப் பாத்துத்தான். சுட்டா சுளிப்பீங்கன்னு இருந்தேன். இத்தன நாள்ல ஒருத்திகூடச் சுளிக்கலியே, அம்மணி.”

அவர் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. கணக்கு எங்கே தவறியது என்று யோசிக்கிற மாதிரிதான் சொன்னார். நாங்கள் அவர் காலை நம்பினோம், அவர் எங்கள் முகத்தை நம்பினார். இரண்டு பக்கமும் மரியாதை. நடுவில் கல் காய்ந்துகொண்டே இருந்திருக்கிறது. நான் வண்டியில் அழுதேன். அவர் என் தலையைத் தடவிக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில் நீரிழிவு என்றார்கள். பல வருஷமாக உள்ளே இருந்து, காலின் உணர்ச்சியைத்தான் முதலில் தின்றிருக்கிறது என்று டாக்டர் சொன்னார். குதிகால் வலி குணமானதல்ல, வலியைச் சொல்கிற நரம்பே செத்துப்போனது என்றார். புண் அழுகி மேலே ஏறிக்கொண்டிருந்தது. நாலாம் நாள் வலது காலைக் கணுக்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

லைனில் அதற்கப்புறம் யாரும் கல் காய வைக்கவில்லை. நாங்கள் கோணிச் சாக்கை நாலாக மடித்துக் காலுக்கடியில் போட்டுக்கொண்டு நிற்க ஆரம்பித்தோம். மேஸ்திரி பார்த்தும் பார்க்காத மாதிரி போனார். அந்தச் சாக்கு வந்த பிறகு என் கால் பாதிக்கு மேல் தேவலை ஆகிவிட்டது. இவ்வளவு சின்ன விஷயத்தை முன்பே ஏன் செய்யவில்லை என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளக்கூட எங்களுக்கு வாய் வரவில்லை. அக்காவின் ரீலில் வேப்பமரத்தடியிலிருந்து ஒரு பெண் வந்து நின்றாள். பாவம், நல்ல பெண், அவளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

அக்கா வீட்டுக்கு வந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போனேன். வாசலிலேயே அவர் வீட்டுக்காரர் என்னை நிறுத்தினார். இரண்டு நாளாக ஒரு மாதிரி பேசுகிறாள், டாக்டரிடம் கேட்டேன், கால் போனது மனசுக்குத் தெரிய நாளாகும், அப்படித்தான் இருக்கும் என்கிறார், எனக்கென்னவோ பயமாக இருக்கிறது என்றார்.

உள்ளே அக்கா பாயில் சாய்ந்திருந்தார். பாதி ஆளாகப் போயிருந்தார். கட்டுப் போட்ட காலைத் தலையணைமேல் நீட்டியிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

“வந்துட்டியா கண்ணு. குதிகால் வலிக்குது.”

எந்தக் கால் என்று கேட்டேன். இடது கால் என்று சொல்லிவிட மாட்டாரா என்று இருந்தது. அவர் கட்டு முடிகிற இடத்துக்கு அப்பால், வெறும் பாயைக் காட்டினார்.

“பழைய நோவேதான். காத்தால மொத அடி வெக்கறப்பக் குத்துமே, அதே குத்து. மூணு வருசமா எங்க போயிருந்துதோ, காலு போனதும் வந்திருச்சு.”

அவர் பிதற்றவில்லை. கண் தெளிவாக இருந்தது. என்னை எப்போதும் நம்ப வைத்த அதே குரல்தான். அவர் வீட்டுக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

“சித்தெ கல்லக் காய வெச்சுக் கொண்டா அம்மணி. உனக்குத்தான் தெரியும்” என்றார்.

மாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அவர் கேட்டு நான் இல்லை என்று சொன்னதே கிடையாது. அடுப்படியில் கல் கிடந்தது. அடுப்பில் மத்தியானச் சோறு பொங்கிய சாம்பல்தான் மிச்சம். அதில் கல்லைச் சற்று நேரம் புதைத்து வைத்திருந்து எடுத்தேன். தணல் இல்லை. கல் வெயிலில் கிடந்த கல்லளவுகூடச் சுடவில்லை, வெறுங்கையால் பிடித்துக்கொண்டு வந்தேன். அவர் சமாதானத்துக்கு இது போதும் என்று நினைத்தேன். கட்டுக்குக் கொஞ்சம் தள்ளிப் பாயின்மேல் வைத்தேன்.

“அங்கயில்ல. இன்னும் கீழ. இந்தப் பக்கமா தள்ளு. ஆங், அதுதான் குதி.”

ஒன்றுமில்லாத இடத்தில் கல்லை நகர்த்தி வைத்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த முகம் சுளித்தது.

“சுடுது அம்மணி, எடுத்துப்போடு” என்று சொல்லி, முட்டியை மடக்கி, இல்லாத காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.